ராமநாதபுரத்து ஆடிட்டர் அலுவலகத்தில் ஒருநபர் கம்பெனி: கருவாட்டு வியாபாரி ஒருவரின் மதிப்பீடு

பாம்பனில் நெத்திலியும் சூடையும் வாங்கிக் கருவாடாக்கி, பாக்கெட் போட்டு வெளியூர்களுக்கு அனுப்பும் என் தொழிலை ஒருநபர் கம்பெனியாக (ஒரே ஒருவர் மட்டும் பங்குதாரராக உள்ள கம்பெனி) மாற்றுவதற்கு, ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் உள்ள ஓர் ஆடிட்டர் அலுவலகத்தை நாடினேன். இணையத்தில் விளம்பரம் செய்யும் பதிவுச் சேவைகளைவிட இவர்களின் கட்டணம் அதிகம். ஆயினும், விண்ணப்பத்தை எடுப்பதற்கு முன்பே "உங்கள் லாபத்துக்கு இது தேவைதானா?" என்று கேட்டு, கணக்குப் போட்டுக் காட்டிய ஒரே காரணத்துக்காகவே அந்தக் கட்டணம் தகும் என்று கருதுகிறேன்.

அமெரிக்காவில் ஒருவர் மட்டும் உறுப்பினராக உள்ள எல்.எல்.சி. எனப்படும் வரம்புள்ள பொறுப்பு நிறுவனத்தின் லாபம், உரிமையாளர் வேறு முறையைத் தேர்ந்தெடுக்காதவரை, அவரது சொந்த வரிக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்புவோர் இருக்கிறார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவாகும் ஒருநபர் கம்பெனியோ தனி பான் எண் கொண்ட தனி வரிதாரர். அதற்கு வரியில்லா வரம்பு என்று எதுவும் கிடையாது. சலுகை விகிதமான 22 சதவீதத்துடன் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்ந்தால் ஏறத்தாழ 25.17 சதவீதம் ஆகிறது. 10 லட்சம் ரூபாய் லாபத்தை அப்படியே கம்பெனியில் வைத்திருந்தால் இரண்டரை லட்சத்துக்குச் சற்று மேல் வரி வரும். அதே 10 லட்சத்தைத் தனிநபர் வியாபாரியாக ஈட்டியிருந்தால், 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரிமுறையில், 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியால், வரியே இல்லை. இயக்குநர் என்ற முறையில் நியாயமான சம்பளம் எடுத்து அதைக் கம்பெனியின் செலவாகக் காட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் லாபம் முழுவதையும் சம்பளமாக எடுத்துவிட்டால் கம்பெனி எதற்கு என்று அவர்களே கேட்டார்கள். லாபத்தில் பெரும் பங்கைத் தொழிலிலேயே விட்டுவைப்பவர், தனிநபராக இருந்தால் 30 சதவீத அடுக்கைத் தொட்டுவிடுவார் என்ற நிலையில்தான் வரியின் பக்கம் லாபம் இருக்க வாய்ப்பு உண்டு. விற்றுமுதலில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிப் புத்தகம் எழுதாமலேயே வரி கட்டும் எளிய முறையும் கம்பெனிக்கு இல்லை என்பதைச் சிறு வியாபாரிகள் மறந்துவிடக் கூடாது.

நான் மாறியதற்குக் காரணம் வரியன்று, பொறுப்பு. படகுக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்து, வெளியூர்க் கொள்முதல்காரர்களிடம் பாக்கி நிற்கும் தொழிலில், ஒரு பெரிய கணக்கு திரும்பாமல் போனால் வீடும் நிலமும் கடனுக்குப் போகும் நிலை தனிநபர் வியாபாரத்தில் உண்டு. கம்பெனியில் உறுப்பினரின் பொறுப்பு அவரது பங்கு மூலதனத்தோடு நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பு எங்கெல்லாம் நில்லாது என்பதை ஒளிக்காமல் சொன்னதுதான் இந்த அலுவலகத்தின் பெரிய சிறப்பு. வங்கிக் கடனுக்கு நான் தனிப்பட்ட உத்தரவாதம் கையெழுத்திட்டால் அந்தக் கடனளவில் இந்தப் பாதுகாப்புச் சுவர் இடிந்துவிடும். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரியை, தன் பக்கம் கடும் அலட்சியமோ கடமை தவறலோ இல்லை என்று நிரூபிக்க முடியாத இயக்குநரிடமே வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது. பதிவுக்கு முந்தைய கடன்கள் என் பெயரிலேயே தொடரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கம்பெனியின் நடப்புக் கணக்கிலிருந்து பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும் பழக்கம். அப்படி எடுக்கும் பணம் பங்குதாரரான எனக்குக் கொடுத்த கடனாகக் கருதப்பட்டால், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அது ஈவுத்தொகையாக என் கையில் வரிக்கு உட்படும். இயக்குநருக்குக் கொடுக்கும் அத்தகைய கடனுக்குக் கம்பெனிச் சட்டத்தின் தடையும், கம்பெனியின் நிலையைப் பொறுத்து, பொருந்தக்கூடும்.

விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயம். தணிக்கை செய்பவரே அதே கம்பெனியின் கணக்குப் புத்தகங்களையும் எழுதக் கூடாது என்று சட்டம் விலக்கியிருப்பதால், கணக்கு எழுத வேறொருவரை அமர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். வருமானம் வருகிறதே என்று இரண்டையும் தாங்களே எடுத்துக்கொள்ளாத அந்த நேர்மையை மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. நான் இறந்தாலோ செயலிழந்தாலோ என் இடத்துக்கு வரவேண்டிய நியமனதாரரைப் பற்றி அவசரமாகவே பேசினார்கள். நியமனதாரர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், இந்தியாவில் வசிக்க வேண்டும் என்பதில்லை என்ற 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தை நானே கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வளைகுடாவில் தம்பியோ மகனோ இருக்கும் குடும்பங்கள் இக்கடற்கரை எங்கும் இருக்கையில், இதை அவர்களே முதலில் சொல்லியிருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி., உத்யம் (சிறு, குறுந்தொழில்) பதிவு, வங்கிக் கணக்கு அனைத்தையும் கம்பெனி பெயரில் புதிதாகப் பெற வேண்டும் என்பதையும் பதிவு முடிந்த பிறகே விளக்கினார்கள்.

ஆண்டுக் கட்டணத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நிதிநிலை அறிக்கையை நிதியாண்டு முடிந்து 180 நாட்களுக்குள் தாக்கல் செய்யாவிட்டால், அந்தப் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் தாமதக் கட்டணம் ஏறும். ஆகவே தாக்கல் பொறுப்பு யாருடையது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கேளுங்கள்.