புது ஸ்போர்ட்ஸ் காருக்கு முதலில் எது: எஞ்சினா, சக்கரமா?

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் படத்தில் மட்டும் பார்த்த கார்களை வெள்ளவத்தை, தெஹிவளைப் பொடியன்கள் இப்போது விலை விசாரிக்கிறார்கள். கார் துறைமுகத்தை விட்டு வெளியே வரமுன்னமே அடுத்த கேள்வி வந்துவிடும்: "அண்ணா, முதல்ல என்ன செய்யிறது? ரீமெப்பா, எக்ஸோஸ்டா, இல்லாட்டி பதிக்கிறதா?" அதாவது எஞ்சின் கணினியின் கணக்கை மாற்றுவதா, புகைக்குழாயை மாற்றுவதா, காரின் உயரத்தைக் குறைப்பதா என்று.

கேட்கிற எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். முதல் வருடம் எஞ்சினில் கை வைக்க வேண்டாம். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் டயரிலும் பிரேக்கிலும் அலைன்மென்டிலும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதிலும்) செலவழியுங்கள். கொழும்பில் ஓடும் காருக்கு இதைவிடப் பலன் தரும் செலவு எனக்குத் தெரியாது.

ஒன்றுமே செய்யாமல் விடுவதைப் பலர் ஒரு தெரிவாகவே கணக்கெடுப்பதில்லை. எந்த மாற்றமும் முதலில் வெல்ல வேண்டியது அதைத்தான். டொயோட்டா ஜிஆர்86ஐ எடுங்கள். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 2.4 லீற்றர் எஞ்சின், 235 குதிரைவலு, எடை ஏறத்தாழ 1,270 கிலோ. இரண்டாம் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீற்றரை நெருங்கும். நகரத்துக்குள் நமக்கு எல்லை 50, தெற்கு அதிவேகப் பாதையில் 100. மேலதிகமாக 20 குதிரைவலு ஏற்றினால் அதைச் சட்டப்படி பாவிக்க இங்கே தெரு இல்லை. மஸ்டா ரோட்ஸ்டரின் 1.5 லீற்றர் எஞ்சினில் இருப்பது வெறும் 136 குதிரைவலு. ஆயிரம் கிலோ சொச்சம் எடையுள்ள அந்தக் கார், இரவு சன நடமாட்டம் குறைந்த பிறகு மரைன் டிரைவில் 50ஐத் தாண்டாமல் போகும்போதே ஓட்டுபவரைச் சிரிக்க வைக்கும். எடை குறைவு, ஸ்டியரிங் கைக்குப் பேசுகிறது, கியர் சிக்கென்று விழுகிறது. இவற்றைக் கடையில் வாங்கிப் பூட்ட முடியாது, ஏற்கனவே காருக்குள் இருக்கின்றன.

விற்கும் காலத்தையும் யோசிக்க வேண்டும். இங்கே கார் ஒரு சொத்து. இறக்குமதி நின்ற வருடங்களில் பழைய கார்களே வாங்கிய விலையைத் தாண்டி விற்றதைக் கண்ணால் பார்த்தோம். வாங்க வருபவர் முதலில் கேட்பது "எல்லாம் ஒரிஜினலா?" என்றுதான். எதைக் கழற்றினாலும் அந்தச் சாமானைச் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது.

இனி எஞ்சின் பக்கம். ரீமெப் என்றால் ஈசியூவில், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியில், எழுதியிருக்கும் கணக்கை (அதுதான் மெப்) மாற்றுவது: எந்தச் சுற்றில் எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி, டர்போ இருந்தால் எவ்வளவு அழுத்தம். டர்போ காரில் இதனால் நூற்றுக்கு 20 அளவில் வலு கூடுவது சாதாரணம். டர்போ இல்லாத எஞ்சினில் கிடைப்பது ஒரு சில குதிரைவலு. ஜிஆர்86க்கும் ரோட்ஸ்டருக்கும் ரீமெப் செய்கிறோம் என்று இலட்சக் கணக்கில் கேட்டால் அந்தக் காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் நம்முடைய பெற்றோல். அமுக்கும்போது தானாக வெடிக்காமல் அது எவ்வளவு தாங்கும் என்பதன் அளவுதான் ஒக்டேன். ஜப்பானில் உயர்தரப் பெற்றோல் 100 ஒக்டேன் அளவில் கிடைக்கிறது. நம் நிலையங்களில் வழக்கமாக அடிப்பது 92, அல்லது 95. ஜிஆர்86இன் அமுக்க விகிதம் 12.5, அதாவது உள்ளே போகும் கலவையை 12.5இல் ஒரு பங்காக அமுக்குகிறது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு ஒக்டேன் குறைந்தால், தீப்பொறி ஏற்படுத்த வேண்டிய வெடிப்பு நேரம் தவறித் தானாக ஏற்படப் பார்க்கும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம். தொழிற்சாலைக் கணக்கில் இதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். சென்சர் நொக்கிங்கைப் பிடித்ததும் ஈசியூ தீப்பொறியைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றும். ரீமெப் செய்பவர் வலு தேடிக் கை வைப்பது அந்த இடைவெளியில்தான். ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ 98, 100 ஒக்டேனுக்கு எழுதிய மெப்பை இணையத்தில் வாங்கி, 95 பெற்றோலோடு, பகல் 31 பாகை வெயிலில், பம்பலப்பிட்டிச் சந்தியில் ஊர்ந்து கொண்டிருக்கும் காரில் ஏற்றுவது எஞ்சினோடு செய்யும் அநியாயம்.

டொயோட்டாவே இதற்கு நல்ல உதாரணம். ஜிஆர் யாரிஸின் 1.6 லீற்றர், மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின் 2020இல் ஜப்பானில் 272 குதிரைவலுவோடு வந்தது. 2024இல் அதையே 304 ஆக்கினார்கள். கணினிக் கணக்கை மட்டும் மாற்றி அதைச் செய்யவில்லை. எக்ஸோஸ்ட் வால்வின் உலோகத்தை மாற்றினார்கள், பிஸ்டனையும் வளையங்களையும் மாற்றினார்கள், பெற்றோல் தெளிக்கும் அழுத்தத்தைக் கூட்டினார்கள். 32 குதிரைவலுவுக்கு அந்த எஞ்சினைச் செய்தவர்களே இவ்வளவு மெனக்கெட்டார்கள். ஒரு லெப்டொப்போடு வந்து அரை மணித்தியாலத்தில் அதைச் செய்து தருகிறேன் என்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எக்ஸோஸ்டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பின் சைலன்சரை மட்டும் நல்லதாக மாற்றினால் சத்தம் மாறும், வலு ஏறத்தாழ அப்படியே இருக்கும். சத்தம் ஒரு சந்தோஷம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கன்வேட்டரைக் கழற்றினால் புகைப் பரிசோதனையில் சிக்குவீர்கள், அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருவாய் உரிமப் பத்திரம் எடுக்க முடியாது. 2025 தொடக்கத்தில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்த பொலிஸார், சத்தம் போடும் காரை மட்டும் விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். விடியற்காலை ஐந்து மணிக்கு ஒழுங்கைக்குள் அந்தச் சத்தத்தைக் கேட்கப் போகும் பக்கத்து வீட்டு அம்மாவையும் நினையுங்கள். காற்று உறிஞ்சும் குழாயை பம்பரின் அடியில் கொண்டுபோய் வைக்கும் கிட்டுகளை நான் முற்றாக மறுக்கிறேன். ஒரு மணித்தியால மழைக்குத் தும்முல்லைச் சந்தியும் ஆமர் வீதியும் எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கொனெக்டிங் ரொட் வளையும், பிறகு பேச ஒன்றும் மிஞ்சாது.

காரைப் பதிக்கும் ஆசைக்கு வருவோம். ஜிஆர்86 தரையிலிருந்து 130 மில்லிமீற்றர் உயரத்தில்தான் நிற்கிறது. 30ஐக் குறைத்தால் மிச்சம் 100. ஒழுங்கை வேகத்தடைகளும், அடுக்குமாடி வாகனத் தரிப்பிடச் சரிவுகளும், தெருவைத் தோண்டி அரைகுறையாக மூடிய குழிகளும் அந்த 100க்குள் அடங்காது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிப் பதித்தால் ஷொக் மேலும் கீழும் அசையும் தூரமும் குறைந்து, குண்டு குழியில் அடித்தட்டும். படத்தில் அழகு, கையில் ஓட்டம் கெட்டுவிடும்.

பெரிய ரிம்முக்கும் இதே கதைதான். அதே ஜிஆர்86க்குத் தொழிற்சாலை தரும் டயர் அளவுகளில் இரண்டைப் பாருங்கள்: 215/45 ஆர்17, 215/40 ஆர்18 (கடைசி எண் ரிம்மின் அங்குல அளவு). முதலாவதில் டயரின் பக்கச் சுவர் ஏறத்தாழ 97 மில்லிமீற்றர், இரண்டாவதில் 86. அந்த ஒரு சென்ரிமீற்றர் றப்பர்தான் பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது. கொழும்புக்கு நான் 17ஐத்தான் எடுப்பேன். 18இலிருந்து 17க்கு இறங்கச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் ஓட்டிப் பார்த்த பிறகு திரும்பப் போகமாட்டார்கள்.

மிச்சக் காசை ஈரத்தில் பிடிக்கும் நல்ல டயரில் போடுங்கள். நம் ஊரில் ஒக்டோபர், நவம்பர் மழையில் காரை நிறுத்துவது டயர்தான், 235 குதிரைவலு அல்ல. அடுத்தது பிரேக் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட்4 என்ற தரத்திலுள்ள புதுத் திரவம் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு அதன் அளவுகோல் 155க்கு இறங்கிவிடுகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கமாக இறங்கும்போது பிரேக் சூடாகித் திரவம் கொதித்து, பெடல் பஞ்சாகப் போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், கட்டுக்குருந்த பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் வருடா வருடம் மாற்றட்டும். சூட்டைத் தாங்கும் நல்ல பிரேக் பேட், கவனமான நாலு சக்கர அலைன்மென்ட். இவ்வளவுக்கும் ஆகும் செலவு ஒரு முழு எக்ஸோஸ்டை விடக் குறைவாகவே முடியும். அதன் பலன் ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கைக்குத் தெரியும்.

தோற்ற மாற்றங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காரின் நிறம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. முழுதாக நிறம் மாற்றப் போகிறீர்களானால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்தியே ஆக வேண்டும், காப்புறுதிக்காரருக்கும் அறிவிக்க வேண்டும். மற்ற மாற்றங்களையும் காப்புறுதிக்கு எழுத்தில் கொடுத்துவிடுவது புத்தி.

இவ்வளவுக்குப் பிறகும் டர்போ கார் வைத்திருப்பவர் ரீமெப் செய்யத்தான் போகிறார் என்றால், உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு செய்யட்டும். சிறிய டர்போ எஞ்சின்களில் குறைந்த சுற்றில், உயர்ந்த கியரில் அமத்தி மிதிக்கும்போது நேரத்துக்கு முந்தி வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. கொழும்பு நெரிசலில் நாம் ஓட்டுவது கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் எந்த மெப்பிலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ அழுத்தத்தைக் கூட்ட விடாதீர்கள். எஞ்சின் ஒயிலும் அந்த ஆபத்தைக் குறைக்கும் ஏபிஐ எஸ்பி தரத்தில் இருக்க வேண்டும். மெப்பை நம்முடைய 95 பெற்றோல் தாங்கியில் இருக்கும்போதே, டைனோவில் (நின்ற இடத்திலேயே காரை ஓட்டி வலு அளக்கும் கருவியில்) காரை ஓட்டி எழுத வேண்டும். முடிந்ததும் நொக்கிங்கினால் ஈசியூ தீப்பொறியை எத்தனை பாகை பின்தள்ளியது, உள்ளே போன காற்றின் சூடு எவ்வளவு என்ற பதிவையும், பழைய மெப்பின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.