கல்வி வவுச்சர்: ஏழைக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு பணம் தரலாமா என்ற பேச்சு வந்தாலே வேண்டும், வேண்டாம் என்று இரண்டு அணி சேர்ந்துவிடுகிறது. அப்படி அரசு தரும் கட்டணத் தொகைக்குத்தான் வவுச்சர் என்று பெயர். ஆனால் இந்த ஒரே பெயரில் இரண்டு வேறுவேறு திட்டங்கள் நடக்கின்றன. வருமான வரம்பு வைத்து ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுப்பது ஒன்று. கேட்பவர் எல்லோருக்கும் கொடுப்பது இன்னொன்று. 1955-ல் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்தது இரண்டாவது வகை. அமெரிக்காவில் 1990-ல் மில்வாக்கி நகரில் தொடங்கியது முதல் வகை.

மில்வாக்கி திட்டத்துக்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் பாலி வில்லியம்ஸ். கறுப்பினப் பெண்மணி, ஜனநாயகக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினர். கையில் காசில்லாத பெற்றோருக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதுதான் அவருடைய வாதம். பின்னாளில் வருமான வரம்பைத் தூக்கும் முயற்சிகள் வந்தபோது அவரே அதைக் கண்டித்தார்.

இந்த வகைக்கு நல்ல சாட்சி கொலம்பியா. 1991-ல் தொடங்கிய திட்டத்தில் சுமார் 1,25,000 ஏழை மாணவர்களுக்கு வவுச்சர் கிடைத்தது. விண்ணப்பங்கள் அதிகமான நகரங்களில் குலுக்கல் போட்டார்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குலுக்கலில் தேர்வான பிள்ளைகள் எட்டாம் வகுப்பை முடித்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 10 சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தது. அதில் ஒரு நிபந்தனையும் உண்டு: மாணவர் தேர்ச்சி பெற்று அடுத்த வகுப்புக்குப் போனால்தான் வவுச்சர் தொடரும்.

சரி, ஏழைகளுக்கு மட்டும் என்று வரம்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. 2012-ல் மாநிலம் முழுக்க விரிவாக்கிய திட்டம் அது. அங்கேயும் குலுக்கல்தான். ஆனால் வவுச்சர் கிடைத்துத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் கணித மதிப்பெண் முதல் ஆண்டிலேயே பெரிதாகச் சரிந்தது. திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளில் பல, ஏற்கெனவே மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தவை என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நல்ல பள்ளிக்குக் கூட்டம் தானாக வரும். காலி இடத்தை நிரப்ப வவுச்சரைத் தேடுவது பெரும்பாலும் தடுமாறும் பள்ளிதான். வாஷிங்டன் நகரில் வேறு கதை. மதிப்பெண்ணில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை, ஆனால் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் குலுக்கலில் வவுச்சர் கிடைக்காதவர்களில் 70 சதவீதம், கிடைத்தவர்களில் 82 சதவீதம்.

இப்போது இரண்டாவது வகைக்கு வருவோம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2011-ல் மாற்றுத்திறன் மாணவர்களுக்காக ஆரம்பித்த திட்டம் 2022-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. முதலில் விண்ணப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குமுன் அரசுப் பள்ளியில் படித்த பதிவே இல்லாதவர்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டாலர். பள்ளிக் கட்டணம் 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 12,000 கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு 7,000 மிச்சம். மீதி 5,000-க்கு வழியில்லாத குடும்பத்துக்கு அந்தப் பள்ளி முன்பும் எட்டாது, இப்போதும் எட்டாது. இதைப் பெற்றோரின் தேர்வுச் சுதந்திரம் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பணம் அரசுடையது, யாரைச் சேர்ப்பது என்ற முடிவு மட்டும் பள்ளியுடையது.

இது எங்கே போய் முடியும் என்பதற்குச் சிலி நாடு போதும். 1981-ல் பினோசெட் ஆட்சி வருமானம் பார்க்காமல் வவுச்சர் கொடுத்தது. 1990-களில் அதற்குமேல் கட்டணம் வாங்கவும் பள்ளிகளுக்கு வழிவிட்டார்கள். வசதியான பிள்ளைகள் ஒருபக்கம், ஏழைப் பிள்ளைகள் இன்னொரு பக்கம் என்று பிரிந்ததுதான் மிச்சம். 2006-லும் 2011-லும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். இடையில் 2008-ல் ஏழை மாணவருக்குக் கூடுதல் தொகை வந்தது. 2015-ல் வந்த சட்டம், அரசுப் பணம் வாங்கும் பள்ளிகள் கட்டணம் வாங்குவது, மாணவரை வடிகட்டுவது, லாபம் எடுப்பது மூன்றுக்கும் படிப்படியாக முடிவுகட்டியது. சுவீடன் 1992-லிருந்தே எல்லோருக்கும் தருகிறது, கூடுதல் கட்டணத்துக்குத் தடையும் உண்டு. ஆனால் லாப நோக்கு நிறுவனங்களை அனுமதித்ததன் விலை 2013-ல் தெரிந்தது: ஜேபி எஜுகேஷன் திவாலாகி, ஆயிரக்கணக்கான மாணவர்கள் வேறு பள்ளி தேட வேண்டியதாயிற்று.

அரசுப் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 30 பேர் வகுப்பிலிருந்து 3 பேர் போனால் அவர்களுக்கான நிதியும் போகிறது. ஆனால் ஆசிரியர் சம்பளம், கட்டடம், பேருந்து எதிலும் பத்தில் ஒரு பங்கு குறைவதில்லை. கிராமப்புறத்தில் மாற்றுப் பள்ளியும் கிடையாது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தனியார் பள்ளிக்கு அரசு நிதி தர வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தம் 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, 120 மாவட்டங்களும் ஒன்று விடாமல் நிராகரித்தன.

இரண்டில் ஒன்று என்றால் நான் கொலம்பியா வகைப் பக்கம்தான் நிற்பேன். வருமான வரம்பு, குலுக்கல், இத்துடன் வவுச்சரே முழுக் கட்டணம் என்ற விதியும், அரசுப் பள்ளிகள் எழுதும் அதே தேர்வும் வேண்டும். இதற்குச் சம்மதிக்காத பள்ளிக்குப் பொதுப் பணம் எதற்கு? டெக்சஸ் 2025-ல் 100 கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டிருக்கிறது. திட்டம் எல்லோருக்கும்தான், ஒதுக்கிய பணம் போதாதபோது மாற்றுத்திறன் மாணவர்களுக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் முன்னுரிமை. பணம் கிடைப்பதில்தான் அந்த முன்னுரிமை. பிள்ளையைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது அங்கேயும் பள்ளியின் விருப்பம்.