தி பிக் புக் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன்: எங்க தெருத் திண்ணையில ஆறு மாசம் படிச்ச அனுபவம்

பேய்க்கதை, மாயாஜாலக் கதை, சயின்ஸ் ஃபிக்ஷன் எல்லாம் புடிக்கும், ஆனா சுஜாதாவ படிச்சு முடிச்சதுக்கு அப்புறம் வெளிநாட்டுக் கதைங்கள எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். ஏன்னா நான் அப்படி நாலஞ்சு வருஷம் நின்னேன். நாவல் வாங்குவேன், ஐம்பது பக்கம் போவேன், ஆபீஸ் வேலை வந்துரும், அப்படியே அலமாரியில தூங்கும். சிறுகதைத் தொகுப்புதான் எனக்கு சரியா வந்துச்சு, அதுவும் ஒரே எழுத்தாளரோட தொகுப்பு இல்ல, நிறைய பேர் எழுதினத ஒருத்தர் தேடிப் பொறுக்கி வரிசையா கோத்து வைக்கிற தொகுப்பு.

தி பிக் புக் ஆஃப் சயின்ஸ் ஃபிக்ஷன், 2016ல வந்தது. ஆன் வாண்டர்மீர், ஜெஃப் வாண்டர்மீர்னு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சேந்து தொகுத்தது. நூறு கதைக்கு மேல, 1,200 பக்கத்துக்கு மேல. ரெண்டு மாசம் கொஞ்சம் கொஞ்சமா காசு எடுத்து வெச்சு ஆன்லைன்ல வாங்குனேன். முதல் தடவ வந்த புக்கு ஒரு மெல்லிசு கவர்ல சுத்தி, மூலை நசுங்கி, முதுகு பிளந்து வந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. போட்டோ எடுத்து அனுப்பி, பத்து நாள் கழிச்சு மாத்திக் கொடுத்தாங்க. இவ்ளோ கனமான புக்க வாங்குறவங்க டெலிவரி ஆளு நிக்கும்போதே பிரிச்சு பாத்துருங்க.

நாங்க இருக்கிறது வேலூர், சைதாப்பேட்டை பக்கம். எங்க தெருவுல பாதி வீட்டுல பீடி சுத்துறாங்க. அம்மா, பக்கத்து வீட்டு பெரிம்மா, எதிர் வீட்டு அக்கா, மூனு பேரும் சாயங்காலம் திண்ணையில மொறத்த மடியில வெச்சுகினு உக்காருவாங்க. நான் ராணிப்பேட்டையிலருந்து பஸ் புடிச்சு வந்து சேர ஆறரை ஆயிடும், மூஞ்சி கழுவிட்டு நானும் உக்காருவேன். புக்கு வந்த வாரம் பெரிம்மாதான் கேட்டாங்க, "இன்னா பாப்பா இது, இம்மாம் தண்டி கீது, பரிச்சைக்கா?"ன்னு. இல்ல பெரிம்மா கதைன்னேன். "கதைன்னா சொல்லேன், கை தான வேல செய்யுது, காது சும்மா தான கீது"ன்னாங்க. அப்படி ஆரம்பிச்சது. நைட்டு நான் இங்கிலீஷ்ல ஒரு கதை படிப்பேன், மறுநாள் சாயங்காலம் தமிழ்ல சொல்லுவேன்.

முதல் கதை எச்.ஜி.வெல்ஸ் 1897ல எழுதினது, தி ஸ்டார். வானத்துல எங்கிருந்தோ ஒரு நட்சத்திரம் வந்து நெப்டியூன்ல மோதி, ரெண்டும் ஒன்னா எரிஞ்சுகினே பூமிய நோக்கி வருது, ஒவ்வொரு நாளும் பெருசாகுது. கடல் பொங்கி ஊர் ஊரா முழுகுது, நம்ம இந்தியாவோட சமவெளி முழுக்க தண்ணியில மூழ்கி கோயிலு, அரமனை மேலயெல்லாம் ஜனங்க ஏறி நிக்கிற இடம் கூட வருது. நான் ஸ்கூல்ல படிக்கும்போது ஆலங்காயம் தாண்டி காவலூர் அப்சர்வேட்டரிக்கு கூட்டிகினு போனாங்க, ஜவ்வாது மலை மேல, 1986ல திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்பு அங்கதான் இருக்கு. அந்தப் பெரிய குமிழ் மாதிரி கட்டடத்த பாத்தது இந்தக் கதைய சொல்லும்போது ரொம்ப உதவுச்சு, "அங்க ஒருத்தர் ராத்திரி பூரா முழிச்சுகினு கணக்கு போட்டு, இது நம்ம மேலதான் வருதுன்னு கண்டுபுடிக்கிறாரு"ன்னு சொன்னவுடனே மூனு பேருக்கும் புரிஞ்சிருச்சு.

ஆனா இந்த புக்க நான் நெஞ்சோட அணைச்சுக்கிட்டது ரெண்டாவது கதைக்காக. சுல்தானாவின் கனவு. வங்காளத்துல பொறந்த ரொக்கேயா ஹொசேன் இங்கிலீஷ்லயே எழுதினது, 1905ல முதல்ல அச்சானது எங்க தெரியுமா, நம்ம மெட்ராஸ்ல, கமலா சத்தியநாதன் நடத்துன இந்தியன் லேடீஸ் மேகசின்ல. எனக்கு இது தெரியவே தெரியாது. இங்கிருந்து ரயில்ல ரெண்டு மணி நேரத்துல போற ஊர்ல வந்த கதை, அமெரிக்காவுல தொகுத்த புக்குல ரெண்டாவதா உக்காந்திருக்கு, எங்க பாடப் புத்தகத்துல ஒரு வரி கூட இல்ல.

கதை என்னன்னா ஒரு பொண்ணு சாய்வு நாற்காலியில உக்காந்து யோசிச்சுகினே தூங்கிடுறா, கனவுல ஒரு நாட்டுக்கு போறா. அங்க பொம்பளைங்க வெளிய வேலை பாக்குறாங்க, ஆம்பளைங்க வீட்டுக்குள்ள அடஞ்சு கெடக்குறாங்க. பொம்பளைங்க யுனிவர்சிட்டில ஒன்னு மேகத்துலருந்து நேரா தண்ணிய இழுக்க கண்டுபுடிச்சிருக்கு, இன்னொன்னு வெயிலோட சூட்ட புடிச்சு சேத்து வைக்க கண்டுபுடிச்சிருக்கு. அந்த சூட்டுலயே சமைக்கிறாங்க, பொகை இல்ல கரி இல்ல. படையெடுத்து வந்தவங்கள அந்த வெயிலக் குவிச்சு அடிச்சே தொரத்துறாங்க. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல, 42 டிகிரி அடிச்ச அன்னைக்கு சாயங்காலம் இத வேலூர்ல சொல்லிப் பாருங்க. "நம்மூரு வெயிலுக்கு நாமளே ராஜா"ன்னு அக்கா சொல்லுச்சு. மேகத்துல தண்ணி இழுக்குறத சொன்னப்போ அம்மா, "அந்தப் படிச்ச பொண்ணுங்கள பாலாத்துக்கு வரச்சொல்லு"ன்னாங்க. பாலாறு 2021 நவம்பர்ல கரை புரண்டு ஓடுச்சு, அத பாக்க ஊரே திரண்டு போச்சு, மத்தபடி வருஷம் பூரா மணலும் முள்ளும்தான நாங்க பாக்குறது.

இதுல ஒரு இடம் இருக்கு. ஆம்பளைங்க ஆபீஸ்ல என்ன வேலை பாக்குறாங்கன்னு அந்த நாட்டுப் பொண்ணு கணக்கு போடுறா, ஒரு சுருட்டு புடிக்க அரை மணி நேரம், ஒரு நாளைக்கு பன்னெண்டு சுருட்டு, ஆக ஆறு மணி நேரம் பொகையிலயே போச்சு. நான் இத சொன்னப்போ மூனு பேர் மடியிலயும் பீடி மொறம். அம்மா மொறத்த கீழ வெச்சுட்டு சிரிச்சாங்க, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. அப்புறம் பெரிம்மா கேட்டாங்க, "இத எழுதனவங்கள அவங்க வீட்டுக்காரரு ஒன்னும் சொல்லலையா?"ன்னு. அவரு நின்ன எடத்துலயே முழுசா படிச்சுட்டு, பயங்கரமா பழி வாங்கிட்டன்னு பாராட்டினாராம், ரொக்கேயாவே சொல்லியிருக்காங்க. பெரிம்மாவுக்கு அந்த மனுஷன ரொம்ப புடிச்சுப் போச்சு.

அடுத்து அமெரிக்காவோட கறுப்பின எழுத்தாளர் டு பாய்ஸ் எழுதின தி காமெட், 1920. நியூயார்க்ல ஒரு பேங்க்ல கறுப்பின ஆளு ஒருத்தர், யாரும் போக விரும்பாத பாதாள அறைக்கு அவரத்தான் அனுப்புறாங்க, அந்த நேரம் வால் நட்சத்திரத்தோட வெஷவாயுல மேல ஊரே செத்துப் போகுது. அவர் மேல வந்து தெருவுல நடக்குறார், பசிக்குது, பெரிய ஹோட்டலுக்குள்ள போய் தானே எடுத்து சாப்புடுறார், நேத்து வரைக்கும் இங்க எனக்கு பரிமாறியிருக்க மாட்டாங்களேன்னு நெனைக்கிறார். இந்த இடத்துல நான் நிறுத்திட்டேன், ஏன்னா பெரிம்மா கை நின்னு போச்சு. அவங்க சின்ன வயசுல அவங்க கிராமத்து டீக்கடையில அவங்க அப்பாவுக்கு வெளிய சொருவி வெச்சிருந்த தனி கிளாஸ்ல ஊத்திக் கொடுத்தத சொன்னாங்க. அன்னைக்கு கதைய முடிக்கல, மறுநாள்தான் முடிச்சேன். முடிவ இங்க சொல்ல மாட்டேன், ஆனா உலகமே அழிஞ்சாலும் எது அழியாம திரும்பி வரும்னு அந்த மனுஷன் நூறு வருஷம் முன்னாடியே எழுதிட்டார்.

ஆக்டேவியா பட்லரோட பிளட்சைல்ட் 1984ல வந்தது. வேற கிரகத்துல பொழைக்கப் போன மனுஷங்க, அங்க இருக்கிற பெரிய பூச்சி மாதிரி உயிர்களோட முட்டைய ஆம்பளைங்க ஒடம்புல சுமக்கிறாங்க. படிக்க கொஞ்சம் வயித்தப் பெரட்டும். சொல்லலாமா வேணாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். சொன்னேன். மூனு பேரும் அசரல, அவங்கவங்க பிரசவத்த பத்தி பேச ஆரம்பிச்சிட்டாங்க, மணி ஒம்போதாயிடுச்சு. திகில் கதைன்னு நான் நெனைச்சது அவங்களுக்கு தெரிஞ்ச கதை.

இப்படி வாயால சொல்ல முடியாத கதைங்களும் இருக்கு. டெட் சியாங்கோட ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப், 2016ல வந்த அரைவல் படம் இதுலருந்துதான் எடுத்தது. ஒரு மொழியியல் படிச்ச அம்மா, வேற்று கிரகத்துக்காரங்க எழுத்த கத்துக்க கத்துக்க காலமே முன்ன பின்ன இல்லாம ஒரே நேரத்துல தெரிய ஆரம்பிக்குது, வாக்கியத்துல வர்ற காலமே கதைய சுமந்துகினு போகுது. மூனு தடவ முயற்சி பண்ணேன், கதை கையில நிக்கல. அது படிக்கிறதுக்குன்னே எழுதினது, மெதுவா, ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க ஒதுக்கி படிங்க. அசிமோவோட தி லாஸ்ட் கொஸ்டின் அப்படி இல்ல, பத்து நிமிஷத்துல சொல்லிடலாம், கடைசி வரிக்கு எங்க வீட்டுல யாரும் மூச்சு விடல. நம்ம மஞ்சுளா பத்மநாபன் கதை ஒன்னும் இருக்கு, ஷேரிங் ஏர், காத்த காசு கொடுத்து வாங்குற காலத்த பத்தி, ரெண்டு மூனு பக்கம்தான். தோல் பதனிடுற டேனரி நாத்தம் தெரிஞ்ச எங்க ஊர்க்காரங்களுக்கு அத வெளக்கவே வேணாம்.

குறைன்னு பாத்தா, எட்மண்ட் ஹாமில்டன் மாதிரி ஆரம்ப கால விண்வெளி சாகசங்க எனக்கு ஓடல, நட்சத்திரத்த திருடுறான், சண்டை போடுறான், முடிஞ்சுது. ஆல்ஃப்ரெட் ஜாரியோடது ரெண்டு தடவ படிச்சும் புரியல. ஒவ்வொரு கதைக்கு முன்னாடியும் எழுத்தாளர் பத்தி குறிப்பு இருக்கு, அது தங்கம், ஆனா சில சமயம் கதை எத பத்தினதுன்னு முன்கூட்டியே சொல்லிடுது, அதனால நான் கதைய படிச்சுட்டு அப்புறம்தான் குறிப்ப படிப்பேன். எழுத்து பொடிசு, நியூஸ் பேப்பர் மாதிரி பக்கத்த ரெண்டு பத்தியா பிரிச்சு அச்சடிச்சிருக்கு, பேப்பர் மெல்லிசு. கையில புடிச்சு படிக்க முடியாது, தலகாணி மேல வெச்சுதான். பஸ்ல படிக்கணும்னா ஈபுக்கா வாங்கிக்குங்க.

பேய்க்கதை பிரியர்களுக்கு இதே ரெண்டு பேர் 2011ல கொண்டு வந்த தி வியர்ட் இருக்கு, 110 கதை, நூறு வருஷத்து வினோதம். அத எங்க ஆபீஸ் அக்காகிட்ட கடன் வாங்கி பாதி படிச்சிருக்கேன். அதுல தாகூரோட பசித்த கற்கள் இருக்கு. ஒரு பழைய அரமனையில தங்கப் போற வரி வசூல் அதிகாரிய அந்தக் கட்டடமே கொஞ்சம் கொஞ்சமா முழுங்குது. இந்தக் கதைய யாரு யாருக்கு சொல்றாங்கன்னா, ஒரு ஜங்ஷன்ல அடுத்த ரயிலுக்கு காத்திருக்கிறப்போ முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் சொல்றார், சுவாரசியமான எடத்துல ரயில் வந்துருது. நான் இத படிச்சதே காட்பாடி ஜங்ஷன்ல லேட்டான வண்டிக்காக உக்காந்துகினுதான். அடுத்த ஞாயிறு கோட்டைக்குள்ள போய், திப்புவோட குடும்பத்த வெச்சிருந்த மகால் பக்கம் கொஞ்ச நேரம் நின்னேன், சாயங்காலம் இருட்டுறதுக்குள்ள திரும்பிட்டேன். அதே புக்குல பிளாக்வுட்டோட தி வில்லோஸ், டான்யூப் ஆத்து நடுத் திட்டுல ரெண்டு பேர் மாட்டிக்கிற கதை. மரம் அசையிறது மட்டும்தான் பயம், வேற ஒன்னும் இல்ல. புதுமைப்பித்தனோட காஞ்சனையில வெறும் வாடைய வெச்சே பயமுறுத்துவாரே, அந்த ஜாதி பயம். ரத்தம் கொட்டுற கதை வேணும்னு தேடுறவங்களுக்கு இது சரிப்படாது.

ஃபேன்டஸிக்கும் இவங்க ரெண்டு தொகுப்பு போட்டிருக்காங்க, 2019ல பழைய கதைங்க, 2020ல புதுசு. இன்னும் வாங்கல, அதனால அத பத்தி பேசல.

எனக்கு ஒரே ஏக்கம். இப்படி உலகம் பூரா கதைங்கள தேடி, எழுத்தாளர் குறிப்போட, தமிழ்ல ஒரே தொகுப்பா யாராவது போடணும். நான் சொல்றது வெறும் திண்ணைத் தமிழ், பாதி விட்டுப் போகும், பேரெல்லாம் மாத்தி சொல்லுவேன். எங்க அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க, தமிழ்ல இருந்தா அவங்களே படிப்பாங்க. சுல்தானாவின் கனவ மட்டுமாவது நோட்டுல எழுதிக் கொடுன்னு கேட்டாங்க, பதினோரு பக்கம் வந்திருக்கு, இன்னும் கடைசி ரெண்டு பக்கம் பாக்கி.

முழுசா வாங்க யோசிக்கிறவங்க முதல்ல அந்த சுல்தானாவின் கனவ மட்டும் படிச்சுப் பாருங்க, காப்புரிமை முடிஞ்ச கதை, இன்டர்நெட்ல இங்கிலீஷ்ல ஃப்ரீயா கெடைக்குது, அரை மணி நேரம் போதும். புடிச்சிருந்தா புக்க வாங்குங்க. வாங்கினதும் வரிசையா படிக்காதீங்க, வெல்ஸ், ரொக்கேயா, டு பாய்ஸ், அசிமோவ், பட்லர்னு தாவிப் போங்க, சியாங்க தனியா எடுத்து வைங்க. மீதி கதைங்க எங்கயும் ஓடிடாது, நான் ஆறு மாசத்துல நாப்பத்தி மூனுதான் முடிச்சிருக்கேன்.