தஞ்சாவூர்ல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் பைக்ல: டூர்ல போறதா, நாமளே போறதா?

"ஏண்டா, தஞ்சாவூருக்கும் ராமேஸ்வரத்துக்கும் போறதுக்கு காசு குடுத்து ஒருத்தன் வழி காட்டணுமாடா உனக்கு?"ன்னு சித்தப்பா கேட்டாரு. நியாயமான கேள்விதான். வழி எல்லாருக்கும் தெரியும், தெரியலன்னா போன்ல மேப் இருக்கு. ஆனா இந்த ரூட்ட நான் ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாத்தாச்சு. முன்ன மச்சானும் நானும் அவங்கவங்க சொந்த வண்டில போனோம், இந்த பிப்ரவரில வீட்டுக்காரியோட ஒரு குரூப் டூர்ல போயிட்டு வந்தேன், முன்னாடி லீடர், கடைசில மெக்கானிக், கூடவே ஒரு வேன், வண்டியும் அவங்களே குடுத்துட்டாங்க. இப்ப யாரு கேட்டாலும் டூர்லயே போங்கன்னுதான் சொல்றேன்.

ரூட்டு ரெண்டு தடவையும் ஏறக்குறைய ஒண்ணுதான். பாண்டிச்சேரில கிளம்பி சிதம்பரம், அங்கருந்து வீராணம் ஏரிக்கரை ஓரமாவே காட்டுமன்னார்கோயில், கங்கைகொண்ட சோழபுரம், கும்பகோணம், தாராசுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருமயம், காரைக்குடி பக்கத்து செட்டிநாட்டு ஊருங்க, அப்புறம் ராமநாதபுரம் போய் பாம்பன் பாலம் ஏறி ராமேஸ்வரம், தனுஷ்கோடி. திரும்பி வந்து கடலோரமாவே சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி. முதல் பாதி கோயிலும் கோட்டையும் பழைய வீடுகளும், ரெண்டாவது பாதி உப்புக்காத்தும் பனமரமும் மீன்பிடி ஊரும்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். செலவு, டூர்னா ரெண்டு மடங்குக்கு மேல ஆகும், அதுல பேச்சே இல்ல. சுதந்திரம், சொந்த வண்டிதான், எங்க வேணா நிக்கலாம் எப்ப வேணா கிளம்பலாம். ரூம் தேடற அலைச்சல், டூர்ல கிடையாது. டோல்கேட்ல பைக்குக்கு காசே இல்லாததால அதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. இவ்வளவுதான்னா நானே சொந்த வண்டிலதான் போகச் சொல்லுவேன்.

ஆனா இந்த ரூட்டுல முடிவு பண்ற விஷயம் வேற, அது வண்டி ஓட்டும்போது தெரியாது, வண்டிய நிறுத்தும்போதுதான் தெரியும். லக்கேஜ்.

யோசிச்சுப் பாருங்க. மலை ரூட்டுன்னா காலைல ஏறினா சாயங்காலம் வரைக்கும் ஓட்டிட்டே இருப்பீங்க, நிக்கிறது டீக்கும் சாப்பாட்டுக்கும்தான், வண்டி கண்ணு முன்னாடியே நிக்கும். இங்க அப்படி இல்ல, இங்க ஓட்டுறது கொஞ்சம், எறங்கி உள்ள போறதுதான் அதிகம். அதுவும் கோயில். பூட்ஸ கழட்டணும், ஜாக்கெட்ட கழட்டணும், ரெண்டு ஹெல்மெட், சேடில் பேக், டேங்க் பேக், அதுக்குள்ள கேமரா, சார்ஜர், மாத்திரை, துணி. செருப்பு ஸ்டாண்டுல பூட்ஸ குடுத்து டோக்கன் வாங்கிடலாம், ஜாக்கெட்டயும் ஹெல்மெட்டயும் எங்க குடுக்கறது? பத்தாததுக்கு போன் வேற. 2022 டிசம்பர்ல திருச்செந்தூர் கோயில் வழக்குல மதுரை உயர்நீதிமன்றக் கிளை கோயில்களுக்குள்ள செல்போனுக்கு தடை போடச் சொன்னதுல இருந்து நிறைய கோயில்ல போன வெளியவே வெச்சிட்டுதான் போகணும்.

மச்சானோட போனப்ப என்ன ஆச்சுன்னா, ஒவ்வொரு இடத்துலயும் ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வண்டிகிட்ட. "மாப்ள நீ பாத்துட்டு வா, நான் இங்க நிக்கிறேன்"னு அவன் சொல்லுவான், நான் உள்ள போனா வெளிய அவன் வெயில்ல நிக்கிறானேன்னு அவசர அவசரமா ஒரு சுத்து சுத்திட்டு வந்துடுவேன், அப்புறம் அவன் போறதுக்குள்ள நடை சாத்திடுவாங்க. அந்தப் பக்கம் பெரும்பாலான கோயில் மதியம் 12, 12:30 வாக்குல சாத்தினா மறுபடி 4 மணிக்குத்தான் திறக்கும், அதுவரைக்கும் காத்திருந்தா அடுத்த ஊருக்கு இருட்டுலதான் போய்ச் சேரணும். சிதம்பரத்துல அவன் வாசலோட சரி, தாராசுரம் அவன் பாக்கவே இல்ல. அவ்வளவு தூரம் ஓட்டி வந்து தாராசுரம் பாக்காம போனது இன்னிக்கு வரைக்கும் எனக்கு மனசுல உறுத்துது.

டூர்ல இந்தப் பிரச்சனையே எழல. வேன் கோயில் வாசலுக்கே வருது, ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ், போன் எல்லாத்தையும் அதுல போட்டா டிரைவர் அண்ணன் கதவ பூட்டிட்டு பக்கத்துலயே உக்காந்துக்கறாரு. நான் வேட்டி கட்டிக்கிட்டு வெறுங்கால்ல போறேன், கூட வீட்டுக்காரி வர்றா, ரெண்டு பேரும் ஒண்ணா, அவசரம் இல்லாம. தாராசுரத்துல படிக்கட்டுப் பக்கம் குனிஞ்சு பாத்தா யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கிட்டு நிக்கும், இடது கைய வெச்சு மறைச்சா யானை, வலது கைய வெச்சு மறைச்சா காளை. அத காட்டுனப்ப அவ திரும்பத் திரும்ப கைய வெச்சு மறைச்சு பாத்துட்டே இருந்தா, அங்கருந்து நகர ரொம்ப நேரம் ஆச்சு, யாரும் வெளிய காத்துட்டு இல்லங்கறதால நானும் கூப்பிடல.

ராமேஸ்வரத்துல இது இன்னும் ஜாஸ்தி. அங்க 22 தீர்த்தத்துலயும் தலைல தண்ணி ஊத்திக்கணும்னா தொப்பலா நனைஞ்சுதான் வெளிய வருவீங்க. ஈரத்துணியோட பைக்ல ஏறவும் முடியாது, பையத் தூக்கிட்டு ஈரப் பிரகாரத்துல நடக்கவும் முடியாது. முதல் தடவ நாங்க தீர்த்தமாடாமலே வந்துட்டோம். இந்த தடவ காஞ்ச துணி வேன்ல ரெடியா இருந்துச்சு, லீடர் பக்கத்துல ஒரு லாட்ஜ்ல துணி மாத்த ரூம் சொல்லி வெச்சிருந்தாரு. பொம்பளைங்க கூட வர்றாங்கன்னா இந்த ஒரு ஏற்பாட்டுக்கே டூர் காச குடுக்கலாம்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது நேரம். லீடர் கும்பகோணத்துக்காரர், எந்தக் கோயில் எப்ப சாத்துவாங்க, எங்க காலைல கூட்டம், எங்க சாயங்காலம் வெளிச்சம் நல்லா விழும் எல்லாம் அவருக்கு மனப்பாடம். காலைல கோயில், நடை சாத்துற நேரத்துல சாப்பாடும் ரைடிங்கும், 4 மணிக்கு அடுத்த கோயில், அப்படித்தான் நாளையே பிரிச்சாரு. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010ல ராஜராஜன் முடிச்சது, விமானம் 200 அடிக்கு மேலன்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கு, அதுக்கு ஆள் வேண்டாம். ஆனா அவரு எங்கள சுத்துச்சுவர் பக்கம் கூட்டிட்டு போய் கல்வெட்டுகள காட்டி, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடிப்பாடற பொண்ணுங்க, 400 பேர ராஜராஜன் கொண்டுவந்து குடிவெச்சது, ஒவ்வொருத்தி பேரு, எந்தக் கோயில்ல இருந்து வந்தா, இங்க எந்தத் தெருல எத்தனாவது வீடு எல்லாம் கல்லுல இருக்குன்னு சொன்னாரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த சாதாரண மனுஷங்க வீட்டு விலாசம். நானா போனப்ப அந்தச் சுவர் ஓரமாதான் நடந்து போயிருக்கேன். கங்கைகொண்ட சோழபுரத்துலயும் இதேதான், வடக்குப் படிக்கட்டு பக்கத்துல சிவன் சண்டேசருக்கு தலைல பூமாலை சுத்தற சிற்பம் இருக்கு, அதுல இந்தக் கோயிலக் கட்டின ராஜேந்திரனையே பாக்கறவங்களும் உண்டுன்னு சொல்லிட்டு அவரு தள்ளி நின்னுக்கிட்டாரு, நாங்களே பாத்துக்கட்டும்னு.

ரோட்டப் பத்தியும் சொல்லணும். டெல்டா பக்கம் அறுவடை முடிஞ்ச சமயத்துல ரோட்டுலயே நெல்லு காயும், உளுந்துச்செடியப் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறட்டும்னு விட்டிருப்பாங்க, திருப்பத்துல வைக்கோல் மேல வெயிட்டு வண்டி ஏறினா பின்சக்கரம் வழுக்கும். லீடர் முன்னாடியே கைய ஆட்டி மெதுவாக்கிடறாரு. குரூப்ல யாரும் வழி தவறாம இருக்க ஒரு முறை வெச்சிருக்காங்க, திருப்பம் வந்தா லீடருக்கு அடுத்து வர்றவரு அங்கயே நின்னு எல்லாருக்கும் வழி காட்டிட்டு, கடைசி ஆளான மெக்கானிக் வந்ததும் அவருக்கு முன்னாடி சேந்துக்கணும். யாரும் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டியதில்ல, அவங்கவங்க வேகத்துல ஓட்டலாம்.

சாயல்குடி தாண்டினா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். முள்ளு ரோட்டு ஓரத்துல கிடக்கும், ஓரங்கட்டி நிறுத்தினீங்கன்னா பஞ்சருக்கு வாய்ப்பு ஜாஸ்தி. ஸ்போக் வீல் கிளாசிக் 350ல டியூப் டயர், எடை 195 கிலோ, பின்சக்கரத்த கழட்டினாத்தான் டியூப எடுக்க முடியும். சொந்த வண்டில போனப்ப மச்சான் வண்டி பஞ்சராகி, அவன அங்கயே விட்டுட்டு நான் கடை தேடி போய் ஆளக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள அரை நாள் போச்சு, மணப்பாடு ரத்தாச்சு. இந்த தடவ அதே பக்கம் குரூப்ல ஒருத்தருக்கு பஞ்சர், வேன்ல இருந்து ஜாக்கியும் புது டியூபும் இறங்குச்சு, மத்தவங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி ரெடி. மணப்பாட்டுல மணல்மேட்டு மேல இருக்கற சர்ச்சுகிட்ட நின்னு கடல பாத்தோம்.

உப்பும் மணலும் கூட கணக்குல வரும். 1964 டிசம்பர் புயல்ல அழிஞ்ச தனுஷ்கோடிக்கு 2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்துட்டாங்க, ரெண்டு பக்கமும் கடல், அப்படி ஒரு ரோடு நம்ம பக்கம் வேற எங்கயும் நான் ஓட்டினதில்ல. ஆனா காத்துல மணல் ரோட்டு மேல ஏறிக் கிடக்கும், பக்கவாட்டுல அடிக்கற காத்து வண்டிய தள்ளும், சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்க. திரும்பி வந்ததும் சொந்த வண்டின்னா அன்னிக்கே நல்ல தண்ணில கழுவி செயினுக்கு ஆயில் போடணும், விட்டா ஸ்போக்கும் செயினும் துரு பிடிக்கும். டூர் வண்டின்னா அது மெக்கானிக் வேலை, நீங்க போய் படுத்துக்கலாம்.

சரி, சொந்த வண்டில என்ன நல்லா இருந்துச்சு. வண்டி பழகினது, பிரேக் எங்க பிடிக்கும்னு கையிக்கே தெரியும், டூர்ல குடுத்த வண்டி ஹேண்டில் பழகவே முதல் நாள் சரியா போச்சு. அதவிட முக்கியம், நினைச்ச இடத்துல திரும்பலாம். மச்சானும் நானும் சிதம்பரம் தாண்டி திடீர்னு கடல் பக்கம் திருப்பி தரங்கம்பாடி போனோம், 1620ல டேனிஷ்காரங்க கட்டின கோட்டைக்கு முன்னாடி மதிலோரமா உக்காந்து, 1706ல இங்க வந்து எறங்கின ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ்ல புத்தகம் அச்சடிச்சத பத்தி பேசிட்டு பொழுது சாயற வரைக்கும் அங்கயே இருந்தோம். டூர்ல தரங்கம்பாடியே கிடையாது, சேத்துக்கங்கன்னு கேட்டப்ப மத்தவங்களுக்கு லேட்டாகும்னுட்டாங்க. இது உண்மையான நஷ்டம். செட்டிநாட்டுலயும் ஆத்தங்குடில கண்ணாடி மேல கலர் சிமெண்ட ஊத்தி டைல்ஸ் பண்றத நான் இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன், குரூப் கிளம்பிடுச்சு.

மழைக்காலத்துல, அதாவது அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, இந்த ரூட்ட நான் ரெண்டு விதமாவும் ஓட்டினதில்ல, அதனால நான் சொல்றதெல்லாம் ஜனவரி, பிப்ரவரிக்குத்தான். தனியா ஒத்த ஆளா போறவங்களுக்கும் என் அனுபவம் அவ்வளவா ஒத்துவராது.

காசு இடிக்குதுன்னா நடுவுல ஒரு வழி இருக்கு, அஞ்சாறு நண்பர்கள் அவங்கவங்க வண்டில வந்து, எல்லாரும் பங்கு போட்டு டிரைவரோட ஒரு வாடகை கார மட்டும் கூட வெச்சுக்கறது, கோயிலுக்கு கோயில் அங்கருக்கற உள்ளூர் கைடு ஒருத்தர பிடிச்சுக்கறது. நான் பண்ணிப் பாக்கல, ஆனா லக்கேஜ் பிரச்சனைக்கு இது போதும்னுதான் தோணுது, பஞ்சருக்கு மட்டும் ஆள் இருக்காது.

டூர்தான்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. வண்டி நம்பர் பிளேட் கறுப்புல மஞ்சள் எழுத்தா? வாடகைக்கு விட அனுமதி வாங்கின வண்டிக்கு அதான் அடையாளம், வெள்ளை பிளேட் வண்டிய வாடகைக்கு எடுத்து ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல மாட்டிப்பீங்க. இன்னொண்ணு, வேன் நாள் முழுக்க கூட வருமா, இல்ல காலைல லக்கேஜ ஏத்திட்டு நேரா அடுத்த ஹோட்டலுக்குப் போயிடுமா? ரெண்டாவது மாதிரி நடத்தறவங்களும் இருக்காங்க, விலையும் கொஞ்சம் கம்மியா சொல்லுவாங்க. அப்படின்னா வேண்டாம், கோயில் வாசல்ல ஹெல்மெட்டோட நீங்கதான் நிக்கணும்.