ஹாஸ்கல் டிரைவிங்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு டைப்பை (தரவு வகையை) எழுதி, அடியில் டிரைவிங் (deriving) என்று ஒரு வரி போட்டால் போதும். ஒப்பிடுவது, வரிசைப்படுத்துவது, அச்சிடுவது என எல்லாவற்றுக்கும் இன்ஸ்டன்ஸை, அதாவது அந்த டைப்புக்கு அவற்றைச் செய்யும் கோடை, கம்பைலரே எழுதித் தந்துவிடும். பல வருடங்களாக வேலையில் இதைத் தினமும் பயன்படுத்துகிறேன், இனி கையால் எழுத மனம் வராது. ஆனால் ஹாஸ்கலின் ஜிஎச்சி கம்பைலர் நம்மைக் கேட்காமல் எடுக்கும் சில முடிவுகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முக்கியமானது நியூடைப் விவகாரம்; நியூடைப் என்றால் ஏற்கெனவே உள்ள ஒரு டைப்பைப் புதுப் பெயரில் பொதிந்து வைப்பது. யூசர்ஐடி என்று ஒரு நியூடைப். உள்ளே ஒரு இன்ட் (முழு எண்), அந்த ஃபீல்டின் பெயர் அன்ஐடி. ஜெனரிக், டுஜேசன் (மதிப்பை ஜேசனாக மாற்றும் கிளாஸ்) இரண்டையும் டிரைவ் செய்கிறோம். உள்ளே இருக்கும் டைப்பின் இன்ஸ்டன்ஸையே எடுத்துக்கொள்ளும் ஜெனரலைஸ்டு நியூடைப் டிரைவிங் என்ற எக்ஸ்டென்ஷன் மட்டும் ஆனில் இருந்தால் ஜேசனில் வெறும் 5 என்று வரும். வேறு ஏதோ டைப்புக்காக அதே ஃபைலில் ஒருவர், கிளாஸின் டிஃபால்ட் மெத்தட்களை வைத்து இன்ஸ்டன்ஸ் அமைக்கும் டிரைவ்எனிகிளாஸ் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால், தொடாத இந்த வரியிலிருந்து அன்ஐடி என்ற கீயோடு ஒரு ஆப்ஜெக்ட் வரும். இரண்டும் ஆனில் இருந்தால் டிரைவ்எனிகிளாஸுக்குத்தான் முன்னுரிமை. கம்பைல் ஆகிவிடும், ஒரு வார்னிங் மட்டும் வரும். எண்ணை எதிர்பார்த்திருக்கும் அடுத்த சர்வீஸில்தான் கோளாறு தெரியும். கூட்டல், பெருக்கல் போன்றவற்றுக்கான Num கிளாஸை இப்படி டிரைவ் செய்தால் இன்னும் மோசம்: இன்ஸ்டன்ஸ் காலியாக அமையும், கூட்டப் போகும்போது ரன்டைமில் எரர் விழும்.

இதற்கு மருந்து 2017இல் ஜிஎச்சி 8.2இலேயே வந்துவிட்டது. ஸ்டாக் (கம்பைலரின் வழக்கமான வழி), நியூடைப், எனிகிளாஸ் என்று எந்த வழி வேண்டும் என்பதை நாமே எழுதலாம். வழியை எழுதாமல் விட்டால் வரும் மிஸ்ஸிங் டிரைவிங் ஸ்ட்ராடஜீஸ் வார்னிங்கை எரராக்கி வைத்தால் யாரும் விட்டுவிட முடியாது. புதிய ப்ராஜெக்ட் எதுவானாலும் நான் முதலில் செய்வது இதுதான்.

அப்புறம் ஆர்ட் (Ord), வரிசைப்படுத்தும் கிளாஸ். கன்ஸ்ட்ரக்டர்களை, அதாவது டைப்பின் மதிப்புகளுக்கான பெயர்களை, எழுதிய வரிசைதான் ஒப்பீட்டு வரிசை. லோ, மீடியம், ஹை என்று இருந்ததை அழகுக்காக ஆங்கில அகரவரிசையில் ஹை, லோ, மீடியம் என்று மாற்றினால், மேக்ஸிமம் கேட்கும்போது மீடியம் வந்து நிற்கும். இதற்கு வார்னிங்கூடக் கிடையாது. அதனால் அந்த வரிசைக்கென்று ஒரு சின்ன டெஸ்ட் எழுதிவிடுவேன்.

எழுத்து வடிவத்தை மதிப்பாகப் படிக்கும் ரீட் (Read) கிளாஸை மட்டும் இப்போதெல்லாம் டிரைவ் செய்வதில்லை. அது உருவாக்கும் பார்சர் மிக மெதுவானது; டேட்டாவைச் சேமித்துத் திரும்பப் படிக்க ஜேசனே போதும்.