மார்கழிப் பனியில் ஹேமக் தூக்கம்: முதுகுக்குக் கீழேதான் விஷயமே

டெல்டாவில் என்ன பெரிய குளிர், இது ஊட்டியா கொடைக்கானலா என்று கேட்பவர்கள் மார்கழியில் ஒரு ராத்திரி ஹேமக் என்னும் தொங்கு படுக்கையில் படுத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் விடிகாலையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும். வீட்டுக்குள் அது சுகமான குளிர். இரண்டு மரத்துக்கு நடுவே தொங்கும் மெல்லிய பாராசூட் துணியில் படுத்தால், மூன்று மணிக்கெல்லாம் முதுகு விறைத்து முழிப்பு வந்துவிடும். பேராவூரணிப் பக்கம் மாமாவின் தோப்பிலும் கொள்ளிடக் கரையிலும் பல வருஷமாக இப்படித் தூங்கி வருகிறேன். குளிருக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

நம் தோலின் சூடு 33 டிகிரி அளவில் இருக்கும். ஹேமக்குக்கு அடியில் காற்று ஓடிக்கொண்டே இருப்பதால் அந்தச் சூட்டை விடாமல் அள்ளிக்கொண்டு போகும். சரி, கம்பளியை விரித்துப் படுக்கலாமே என்றால், அது உடம்புக் கனத்தில் அமுங்கிவிடுகிறது. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்றுதான் நம் சூட்டைப் பிடித்து வைக்கிறது. அமுங்கினால் அந்தக் காற்றும் போச்சு.

"இன்னொரு கம்பளி எடுத்தாரட்டுமா மாப்ள?" என்று மாமா கேட்பார்.

"மேல போதும் மாமா, கீழதான் குளிருது."

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கோரைப்பாயைக் கொண்டுவந்து கொடுத்தார். திண்ணைக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் ஹேமக்கின் வளைவுக்கு அது படியாது, கோரை இடுக்கிலும் காற்று புகுந்துவிடும்.

அடுத்து யோகா மேட். 10 மில்லிமீட்டர் கனமுள்ளது அமுங்காது, காற்றையும் விடாது. செலவு குறைவாக முடிய வேண்டும் என்பவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். இரண்டு குறை உண்டு. அகலம் பற்றாமல் தோள்பட்டை வெளியே நின்று குளிரும். வியர்வை போக வழியில்லாததால் முதுகு நசநசத்து, விடிகாலையில் அந்த ஈரமே குளிராக மாறும். இரட்டைத் துணி ஹேமக்காக இருந்தால் இரண்டு துணிக்கும் நடுவே மேட்டைச் செருகிவிடலாம், நழுவாது.

எனக்கு நிம்மதியான தூக்கத்தைக் கொடுத்தது அண்டர்குயில்ட்தான். ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் மெத்தைப் போர்வை அது. நாம் அதன்மேல் படுப்பதில்லை என்பதால் அமுங்குவதும் இல்லை. கடையில் வாங்கினால் பல ஆயிரம் ஆகும். நான் பாலியெஸ்டர் பஞ்சு வைத்த மெல்லிய ரஜாய் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்து, உள்ளே எலாஸ்டிக் கயிறு கோத்துக் கட்டினேன். தலைமாட்டையும் கால்மாட்டையும் சுருக்கிக் கட்டுவது முக்கியம். அங்கே வாய் திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போய்விடும். படுத்த பிறகு பக்கத்தில் இருப்பவரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துணியும் ரஜாயும் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். தொய்ந்தால் நடுவில் குளிர்காற்று நிற்கும், இழுத்துக் கட்டினால் பஞ்சு அமுங்கிவிடும். இன்னொரு லாபம்: நம்ம ஊர்க் கொசு பாராசூட் துணி வழியாகவே முதுகில் குத்தும், ரஜாய் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

பருத்திப் பஞ்சு மட்டும் வேண்டாம். இங்கே குளிரைவிடப் பனி ஈரம்தான் எதிரி. மேட்டூர் அணையை வழக்கமாக மூடுவது ஜனவரி 28. அதுவரை வாய்க்காலில் தண்ணீர் ஓடும், சம்பா வயலிலும் ஈரம் இருக்கும். தை பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மழை இல்லாத ராத்திரியிலும் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். அதன் ஒரு பக்கத்தை வடக்கே பார்த்துத் தாழ்த்தி இழுத்துக் கட்டினால் வாடைக்காற்றும் நின்றுபோகும். ஹேமக் கயிற்றில், தார்ப்பாய்க்கு உள்பக்கமாக ஒரு துண்டுத் துணியை முடிந்து தொங்கவிடுங்கள். கயிற்றோடு வழிந்து வரும் பனித்தண்ணீர் படுக்கைக்கு வராமல் அங்கேயே சொட்டிவிடும். படுகையில் தண்ணீருக்குப் பக்கத்தில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். கரை மேட்டிலேயே மரம் பாருங்கள்.

மரம் என்றதும் தென்னையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். காய் விழும், மட்டை விழும். 2018 நவம்பர் கஜா புயலுக்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைகளுக்கு ஆள் கனத்தை ஏற்றுவதும் நியாயமில்லை. மாமா தோப்பின் வேலியோர மாமரங்களும் கரையோரப் புங்கனும் எனக்குப் போதுமானவை. கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க அகலப் பட்டி போட்டுக் கட்டுகிறேன்.

மேலே ஒரு சாதாரணப் போர்வை, தலைக்குக் குல்லா, காய்ந்த சாக்ஸ். அப்புறம் வெந்நீர் ஊற்றி இறுக மூடிய எவர்சில்வர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்துக்கொள்வேன்.

எலாஸ்டிக்தான் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு கார்த்திகையிலும் இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மாற்றுகிறேன். ரஜாயைக் காலையில் சுருட்டிப் பைக்குள் திணிக்காமல் உச்சி வெயில் வரை கொடியில் போட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை வாடை ஏறிவிடும். சீசன் முடிந்தால் நெல் மூட்டை இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், எலி பஞ்சைப் பிய்த்துவிடும். நான் வீட்டுப் பரணில், அமுக்காமல், பழைய வேட்டியில் சுற்றி வைக்கிறேன்.