கற்பனை உலகத்துக்குப் போதைத் தேனா, கொசுத்தேனா?

மாயாஜாலக் கதைக்கு அதிசயத் தேன் வேண்டுமென்றால் எல்லோரும் தேடிப்போவது இமயமலைப் போதைத் தேனைத்தான். என் ஓட்டு, கொசுத்தேனீ என்ற குட்டித் தேனீ சேர்க்கும் கொசுத்தேனுக்கு.

போதைத் தேன் நேபாள மலைப்பாறைகளிலும் துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் கிடைக்கிறது. ரோடோடெண்ட்ரான் பூவின் கிரயானோடாக்சின் என்ற நச்சு தேனோடு சேர்ந்துவிடும். தின்றால் நாடி தளரும், ரத்த அழுத்தம் இறங்கும், வாந்தி வரும். கி.மு. 401-400 வாக்கில் துருக்கியின் டிராப்ஸன் அருகே கிரேக்கப் படையே இதைத் தின்று சுருண்டு விழுந்து, மூன்று நான்கு நாளில்தான் எழுந்து நின்றது. காட்சிக்குப் பிரமாதம், ஆனால் ஒரு காட்சிக்குத்தான். பூ எவ்வளவு கலந்தது என்பதைப் பொறுத்து அடைக்கு அடை நச்சு மாறும். ‘ஒரு கரண்டிக்கு ஆவி தெரியும்’ என்று விதி வைத்தால் அடுத்த அடையின் ஒரு கரண்டி நாயகனையே சாய்த்துவிடும். போர்தான் கதை என்றால் அந்தத் தாறுமாறே உதவலாம். அங்கே என் கணக்கு செல்லாது.

கொசுத்தேனீக்குக் கொடுக்கு கிடையாது. சுவர்ப் பொந்தில் கூட்டம் குடியிருக்கும். அறுகோண அடைக்குப் பதிலாக மெழுகும் மரப்பிசினும் குழைத்த குட்டிக் குடங்கள், திராட்சைக் கொத்துபோல. ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான். புளிப்பு தூக்கலாக இருக்கும்.

கதைக்குத் தீனி போடுவது இதன் கெட்டுப்போகும் குணம். பெட்டியில் வளர்க்கும் சாதாரணத் தேனீயின் முற்றிய தேனில் நீர் 20 சதவீதத்துக்குள் நிற்கும். கொசுத்தேனில் 25-ஐத் தாண்டுவது சாதாரணம். மலேசியத் தர விதி 35 வரை விடுகிறது. நீர் கூடினால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும், வாயு சேரும், இறுக்கிய மூடி தெறிக்கும். பூந்தூள் குடமும் தேன் குடமும் ஒட்டியே இருப்பதால் கூட்டைப் பிழிந்தால் பூந்தூள் கலந்து இன்னும் சீக்கிரம் பொங்கும். ஆகவே தேன்குடத்தை மட்டும் ஒவ்வொன்றாகத் துளைத்து சிரிஞ்சால் உறிஞ்சுவார்கள். கதையில் நாணல் குழல் வைத்துக்கொள்ளலாம். பாட்டிலில் கால்பங்கு காலி விட்டு, குளிரில் வைத்து, அவ்வப்போது மூடியைத் தளர்த்த வேண்டும்.

குளிர்பெட்டி இல்லாத உலகில் இதன் விளைவுகளைப் பாருங்கள். வைத்தியர் கூட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். தூரத்து வணிகன் ஜாடியை இறுக மூட முடியாது. புளித்துப்போனதும் வீணில்லை, மதுவாகிவிடும். மெக்சிகோவின் யுகடான் பகுதியில் மாயர் இனத்தவர் இதன் உறவுத் தேனீயைக் குடைந்த மரக்கட்டையில் வளர்த்தார்கள், தேனோடு மரப்பட்டை சேர்த்துப் புளிக்கவைத்த ‘பால்ச்சே’ என்ற மதுவைச் சடங்குகளில் குடித்தார்கள். தேன் எடுத்த பின் மிஞ்சும் பிசின்மெழுகை ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஆயுதத்துக்குப் பிடி ஒட்டவும், டிஜெரிடூ என்ற நீளக் குழல் வாத்தியத்தின் வாய்ப்பகுதி செய்யவும் பயன்படுத்தினார்கள். கதையில் அம்புமுனை ஒட்டவும் ஓலைப்பேழைக்கு முத்திரை வைக்கவும் அதே பிசின்மெழுகு உருண்டை போதும்.